வாண்டாவின் நீல எஞ்சின்

எங்கள் தெருவில் வாசற்கதவைப் பூட்டி, கார்வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர் ஃப்ளோரியன் டுடெக். இழுத்துப் பார்த்தபின் அடுப்பு ஞாபகம் வரும். மறுபடி கதவைத் திறக்க வேண்டும். ஆற்றோரத்துப் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அந்த வேலைக்கு அந்தக் குணம் பொருந்தித்தான் போனது. கொதிகலன் அறையில் ஒரு நாளும் ஒரு விபத்தும் நடக்காததற்கு அவருடைய பயம்தான் காரணம் என்று தலைமையாசிரியரே சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டில் அது பெரிய தொல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் பெண்டாட்டியையும் நாலு தடவை இழுத்துப் பார்த்திருப்பான் என்பது அவருடைய அக்கா வாண்டாவின் கேலி.

வாண்டா நேர் எதிர். தம்பியைவிட எட்டு வயது மூத்தவர். இருபது வயதில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தபோது, 1969-ம் வருஷத்து பான்டியாக் ஜிடிஓ ஒன்றைப் புதிதாக வாங்கினார். அடர்பச்சை வண்டி. இரண்டே கதவு. பானெட்டுக்குக் கீழே எட்டு சிலிண்டர் எஞ்சின், மிதித்தால் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாளில் பெண்கள் வாங்குகிற வண்டி அல்ல அது. விற்றவர், “வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்று கேட்டாராம். “அவரு யாருன்னு எனக்கே இன்னும் தெரியாது, சாவியைக் குடுங்க” என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு கல்யாணம் ஆயிற்று, கணவரும் போய்ச் சேர்ந்தார். வண்டி மட்டும் கராஜில் இருந்தது. எங்கள் வயாண்டாட் ஊரில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையெல்லாம் உப்பு கொட்டுவார்கள். எந்த வண்டியையும் அது தின்றுவிடும். வாண்டா அடிப்பகுதியைத் திருத்தி, மேலே புதுப் பச்சை அடிக்கச் செய்து வைத்திருந்தார். எஞ்சினைப் பழுது பார்த்து, ஓட வைத்தும் ஆயிற்று. ஆனால் பானெட்டைத் தூக்கினால் உள்ளே எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே வருஷங்கள் போயின.

அறுபத்தெட்டு வயதில் அவருக்குக் கண் போகத் தொடங்கியது. மெல்ல மங்குவதில்லை இந்த நோய். பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு விழும். யாரை நேராகப் பார்க்கிறோமோ அவருடைய முகம் அழிந்துவிடும். சுற்றிலும் உள்ளது மட்டும் தெரியும். அதனால் வாண்டா எதையும் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டார். புதிதாகப் பார்க்கிறவர்கள், இந்த அம்மா நம்மைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைப்பார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். வலது கண் போய்விட்டது, இடது எவ்வளவு நாள் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். வாண்டா அன்றைக்கே லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தம்பியைக் கூப்பிட்டார்.

“ஃப்ளோ, எஞ்சினைப் பழையபடி ஆக்கிக் குடுடா. வாங்குன அன்னிக்கி பானெட்டைத் தூக்குனப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடி. ஒரு தடவை பாத்துக்கறேன். ஜூலையில பழைய கார் கண்காட்சி இருக்கு. அங்க கொண்டுபோயி நாலு பேருக்கும் காட்டிட்டு வருவோம்.”

“என்னால ஆகுமாக்கா? எதையாவது கெடுத்துட்டா?”

“கெடுத்தா எனக்குத் தெரியவா போகுது?” என்றார் வாண்டா.

மார்ச்சில் தொடங்கினார் ஃப்ளோரியன். கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுத்துவைத்தார். பிசுக்கைச் சுரண்டச் சுரண்ட, அடியிலிருந்து வெள்ளி கலந்த நீலம் தலைகாட்டியது. அந்த வருஷத்து பான்டியாக் எஞ்சின்களின் நிறம் அது. எத்தனையோ பெயின்ட் டப்பாக்கள் வாங்கி, கராஜ் கதவருகே அட்டைத் துண்டுகளில் அடித்துக் காயவைத்து, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவார். வாண்டா தலையைச் சாய்த்து ஓரமாகப் பார்த்து, “இது பாத்ரூம் டைல்ஸ்” என்பார். “இது போலீஸ்காரன் சட்டை.” கடைசியில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அதுதான் நிறம்.

ஃப்ளோரியன் மூன்று பூச்சு அடித்தார். ஒரு சொட்டு வழியவில்லை. ஒரு போல்ட் விடுபடவில்லை. வாண்டா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தப்பு” என்றார்.

“என்னக்கா தப்பு?”

“ரொம்ப அழகா இருக்குடா. ஃபேக்டரில யாரு இப்பிடி அடிச்சான்? எஞ்சின் வரிசையா வரும். வர்றப்பவே ஒரு வீசு, அவ்வளவுதான். பின்பக்கம் பாதி இரும்பு அப்பிடியே தெரியும். கீழ வழிஞ்சு சொட்டு காஞ்சிருக்கும். நீ கல்யாணக் கேக்குக்கு அடிச்ச மாதிரி அடிச்சு வச்சிருக்க.”

சரியாக அடிக்க அவருக்குத் தெரியும். மோசமாக அடிக்கத் தெரியவில்லை. எவ்வளவு முயன்றாலும் கை தானாக ஓரங்களைச் சீராக்கியது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாண்டா பின்னால் போய் நின்று, தம்பி ஸ்ப்ரேயை அழுத்துகிற நேரம் பார்த்து முழங்கையில் ஓர் இடி இடித்தார். நீலம் கோணலாகப் பாய்ந்து, பக்கத்திலிருந்த வார்ப்பிரும்புக் குழாய்மேல் தெறித்தது. எஞ்சினிலிருந்து சூட்டுப்புகையை வெளியே கொண்டுபோகிற குழாய் அது. ஃப்ளோரியன் முகம் வெளிறிப்போனது.

“ஆங், இப்பத்தான் எஞ்சின் மாதிரி இருக்கு” என்றார் வாண்டா.

இப்படியே போயிற்று. பிளக் வயர்கள் எந்த வளைவில் போக வேண்டும், கிளாம்ப்பின் திருகு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், ஏர் ஃபில்டர் மூடியில் ஒட்டுத்தாள் எவ்வளவு கோணலாக இருக்க வேண்டும் என்று எல்லாம் வாண்டா சொல்லச் சொல்ல நடந்தது. ஃப்ளோரியனுக்குத் தூக்கம் குறைந்தது. டாக்டர் சொன்ன, நாள் குறிக்காத கெடு அவரை அரித்தது. நாளைக்கே இடது கண்ணும் போய்விட்டால்? காலையில் வேலைக்குப் போகுமுன் அக்கா வீட்டு ஜன்னலைத் தட்டி, “இன்னிக்கி எப்பிடித் தெரியுது?” என்று கேட்பார். “உன் மூஞ்சி தெரியல, நல்ல நாள்தான்” என்று பதில் வரும்.

ஜூன் கடைசியில்தான் பெட்ரோல் குழாய் விஷயம் வந்தது.

வாண்டா பழைய சாமான் எதையும் எறிந்தவர் அல்ல. வண்டியிலிருந்து எப்போதோ கழற்றியதெல்லாம் காப்பி டின்களில் கிடந்தன. அதிலிருந்து கையளவு நீளமுள்ள ஒரு ரப்பர் குழாயை எடுத்துவந்தார். பெட்ரோல் பம்புக்கு அடியில் மாட்டுவது. டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதன் வழியாகத்தான் பம்புக்குள் போகும். வண்டியோடு வந்த குழாய் அது. மேலே வெள்ளை எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. ஃப்ளோரியன் அதை மெல்ல வளைத்துப் பார்த்தார். உள்ளே எங்கோ முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

“இது ரப்பரே இல்லக்கா. காஞ்ச ரொட்டி. இதுல பெட்ரோல் விடவா?”

“ஒரு நாளைக்குத்தான். கண்காட்சி முடிஞ்சதும் கழட்டிரு.”

“புதுசு மாட்டியிருக்கேன். கீழ இருக்குறது, யாரு குனிஞ்சு பாக்கப் போறா?”

“நான் பாப்பேன். எல்லாம் பழசா இருந்து அது ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா என் கண்ணு நேரா அங்கதான் போகும்.”

“உன் கண்ணுதான் நேரா போகாதே” என்று சொல்லிவிட்டார் ஃப்ளோரியன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாண்டா கராஜே அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தம்பியைத் தோற்கடித்தது. அழுதிருந்தாலோ, சண்டை போட்டிருந்தாலோ அவர் மறுத்திருப்பார். சிரித்தபடி, “மாட்டுடா” என்றதும், மாட்டிவிட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் காகிதத்தைக் கீழே விரித்துப் பார்த்தார். சொட்டவில்லை. மறுநாளும் பார்த்தார். அதற்கடுத்த நாள் என்னைப் பார்க்கச் சொன்னார். சொட்டவில்லைதான்.

கண்காட்சி நாள் காலையில் நானும் அவர்களோடு கிளம்பினேன். பின்இருக்கையில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டி. புகைபோட்ட சாசேஜும் ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் ஃப்ளோரியன் அடுக்கியிருந்தார். கிளம்புமுன் வாண்டா தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இன்னிக்கி ஒரு நாள், உன் வாயிலேருந்து ஒரு பயம்கூட வெளிய வரக்கூடாது. அது ஆடுது, இது நாறுது, அங்க சத்தம் கேக்குதுன்னு ஒண்ணும் கூடாது. நான் நிம்மதியா உக்காந்து வரணும். சத்தியம் பண்ணு.”

“சரிக்கா.”

“ஃப்ளோரியன்னு பேரு வச்சாங்க அம்மா. தீயணைக்கிறவங்களுக்குக் காவலான சாமி பேரு. அதுலேருந்து நீ எங்க பாத்தாலும் தீயைத்தான் தேடுற.”

“சரின்னு சொல்லிட்டேனே.”

வெயில் ஏறியிருந்தது. கண்காட்சித் திடல் ஊருக்கு வெளியே, பழைய விமானத்தளத்தில். வழியெல்லாம் வண்டி நன்றாகவே ஓடியது. வாண்டா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு ஏற்பத் தாளம் போட்டார். திடல் வாசலில் வரிசை நின்றது. முன்னால் இருபது முப்பது வண்டிகள் இருக்கும், ஒவ்வொன்றாக நகர்ந்தன. பத்தடி நகர்வோம், நிற்போம். எஞ்சின் சூடேறியது. ஃப்ளோரியனின் கழுத்தில் வியர்வை ஓடுவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு தடவை வாயைத் திறந்து அக்கா பக்கம் திரும்பினார். பிறகு மூடிக்கொண்டார்.

எனக்கு லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. இத்தனை பழைய வண்டி சுற்றி நிற்கிற இடத்தில் வராமல் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் நகர்ந்தோம். மறுபடி நின்றோம். ஆரஞ்சுச் சட்டை போட்டு வரிசையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து நின்றார். கையை உயர்த்தினார். பிறகு ஓடிவரத் தொடங்கினார். “நிறுத்துங்க, நிறுத்துங்க, கீழ சொட்டுது” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பானெட்டின் விளிம்பில், பகல் வெளிச்சத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி, ஏதோ நெளிந்தது. பம்புக்கு அடியில் சொட்டியதை எஞ்சின் விசிறி வாரி அந்தச் சூடான வார்ப்பிரும்புப் புகைக்குழாயின்மேல் அடித்து, அது பற்றிக்கொண்டிருக்கிறது.

ஃப்ளோரியன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். வண்டியின் முன்பக்கம் போகவில்லை. சுற்றி ஓடி அக்காவின் கதவைத் திறந்தார். வாண்டாவின் விரல்கள் பெல்ட்டின் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தன. அதைத் தட்டிவிட்டு, அவரைத் தூக்காத குறையாக வெளியே இழுத்து ஆரஞ்சுச் சட்டைப் பெண்ணின் கையில் விட்டார். இரண்டு கதவு வண்டியில் பின்னால் உட்கார்ந்தவன் முன்இருக்கையை மடக்காமல் இறங்க முடியாது. அன்றைக்குத்தான் அதை நான் உணர்ந்தேன். அவர் இருக்கையை மடக்கி, “பெட்டியை எடு, பெட்டியை எடு” என்றார். இந்த நேரத்தில் சாசேஜ் எதற்கு என்று நினைத்தபடியே பெட்டியோடு வெளியே விழுந்தேன்.

பெட்டியைப் பிடுங்கி, ரொட்டியையும் வெள்ளரியையும் தரையில் கொட்டினார். அடியில் துண்டு சுற்றிய தீயணைப்பான் இருந்தது. பயத்தைச் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தார்.

பானெட்டை ஒரேயடியாகத் தூக்கவில்லை. நாலு விரல் இடைவெளி மட்டும் திறந்தார். அதற்குள்ளேயே குப்பென்று ஒரு செந்நாக்கு வெளியே வந்து போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே அடித்தார். நிறுத்தி, பார்த்து, மறுபடி அடித்தார். தீ அணைந்தது. அணைந்தபிறகும் டப்பா காலியாகும்வரை அடித்தார். பிறகு பானெட்டை முழுக்கத் தூக்கினார்.

மார்ச்சிலிருந்து செய்த வேலை முழுவதும் தீயணைப்பானின் மஞ்சள் தூளுக்குள் கிடந்தது. நீலம் ஓர் இடத்தில்கூடத் தெரியவில்லை. இரண்டு பிளக் வயர்கள் உருகித் தொங்கின. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் தங்கள் வண்டிக்கும் இதே மாதிரி உழைத்தவர்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஃப்ளோரியன் தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாண்டா ஓரக்கண்ணால் வழி பார்த்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எல்லாம் போச்சாடா?”

“தீ அணைஞ்சிருச்சு. மத்தது போச்சு.” காலி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, “வாசனை எனக்கு முன்னாடியே வந்துச்சுக்கா” என்றார். “சாலையிலேருந்து உள்ள திரும்புனப்பவே வந்துச்சு.”

“எனக்கும்தான்.”

“உனக்குமா? அப்பறம் ஏன் சொல்லல?”

“நீ ஒண்ணும் சொல்லலையே. ஊசி விழுந்தாலே ஊரைக் கூட்டுறவன் நீ. நீயே பேசாம ஓட்டிட்டு வர்ற, அப்ப வேற வண்டியோட வாசனையாத்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

வாண்டா அவருடைய கையைத் தேடிப் பிடித்து, தன் மடியிலேயே அழுத்தி வைத்துக்கொண்டார். பிறகு, “என் வாயைத்தான் தைக்கணும்” என்றார். அவர் அப்படித் தணிந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை.

இழுவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தொப்பியைக் கழற்றியவர் கூடவே வந்து, அந்தத் தூளில் ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும், இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று எச்சரித்துப் போனார். அது ஃப்ளோரியனுக்குப் போதாதா? சட்டைகூட மாற்றாமல் தூசி உறிஞ்சியை எடுத்துக்கொண்டு போனார். மேலே தெரிந்ததெல்லாம் போயிற்று. ஆனால் தூள் மாவைவிட மெல்லியது. போல்ட் தலைகளுக்குள், வயர்களின் அடியில், கார்புரேட்டரின் சந்துகளில் எல்லாம் புகுந்திருந்தது. விளக்கை எப்படிப் பிடித்தாலும் கண்ணுக்கு அகப்படாத இடங்கள்.

“நகரு” என்றார் வாண்டா.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பல்துலக்கும் பிரஷ்ஷையும் தன் பத்து விரலையும் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். விரல் போகிற இடத்தில் சொரசொரப்புத் தட்டினால் நின்று தேய்ப்பார். “இங்க இருக்குடா, ஊது.” ஃப்ளோரியன் குழாயால் காற்றை அடிப்பார். இந்தப் பெண்மணி பல மாதங்களாகப் பக்கத்தில் நின்று அதிகாரம் மட்டும் செய்துகொண்டிருந்தார். இப்போது எண்ணெயும் மஞ்சளும் நகக்கண்ணில் ஏற, உருகின வயரைத் தாமே கழற்றினார். அந்த வாரம் பூராவும் இருவரும் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குப் பொழுது போனது.

கருகின இடத்தில் மறுபடி நீலம் அடித்தார்கள். புது வயர் வந்தது. பம்புக்கு அடியில் ஃப்ளோரியன் புதுக் குழாய் மாட்டினார். அக்காவைக் கேட்கவில்லை. கேட்காமல், வெளிப்படையாக அவர் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். மாட்டி முடித்து, “புதுசுதான் போட்டிருக்கேன். யாரு பாத்தாலும் பளிச்சுன்னு தெரியும்” என்றார்.

“எனக்குத் தெரியல” என்றார் வாண்டா.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயில் பூசை முடிந்து வந்ததும், நடு வெயிலில் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து பானெட்டைத் தூக்கினார்கள். கூட்டமில்லை, நடுவர் இல்லை. வாண்டா பூசைக்குப் போட்ட உடுப்போடேயே பக்கத்தில் போய்க் குனிந்தார். நேராகப் பார்த்தால் சாம்பல் பொட்டு வந்து எஞ்சினை விழுங்கிவிடும். அதனால் இந்தப் பக்கம் தலையைத் திருப்பி அந்த ஓரத்தையும், அந்தப் பக்கம் திருப்பி இந்த ஓரத்தையும் துண்டு துண்டாகப் பார்த்தார். ஒரு துண்டில் கார்புரேட்டர், ஒரு துண்டில் வழிந்து காய்ந்த நீலச் சொட்டு. கோழி தானியம் பொறுக்குகிற மாதிரி இருந்தது. ஃப்ளோரியன் பக்கத்திலேயே நின்றார். தெரிகிறதா, போதுமா, சரியாக இருக்கிறதா என்று கேட்க வாய் துடிப்பது எங்களுக்கே தெரிந்தது. வாண்டா நிமிரும்போது நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. “இருக்குடா” என்று மட்டும் சொன்னார். இரண்டு கையாலும் தம்பியின் கன்னத்தைப் பிடித்து, அவருடைய முகத்தையும் அதே மாதிரி ஓரமாக, துண்டு துண்டாகப் பார்த்தார்.

இடது கண் அடுத்த வசந்தம்வரை தாங்கியது. அதற்குப் பிறகு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஆற்றோரமாக வண்டியில் போகிறார்கள். போன வாரம் நானும் போனேன். பாலம் தாண்டியதும் ஃப்ளோரியன் தொண்டையைக் கனைத்தார்.

“அக்கா, இடது டயர்ல காத்து கம்மியோன்னு ஒரு எண்ணம்.”

“நிறுத்திப் பாரு.”

நிறுத்தினார். இறங்கி, குனிந்து, அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

“ஒண்ணுமில்லக்கா.”

“சரி, போ” என்றார் வாண்டா. “வேற?”

“எஞ்சின் கொஞ்சம் சூடா ஓடுதோன்னு...”

“இல்ல. நான் கேட்டுக்கிட்டுத்தான வர்றேன். வேற?”